சாமி வரும் கதைகளை எப்படிப் படிப்பது?

மதமோ பாவ புண்ணியமோ மையமாக இருக்கும் கதை என்றதும் இரண்டு விதமான ஆட்கள் ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். ஒருவர் நல்ல பக்தர். எழுத்தாளர்கள் எப்படியும் சாமியைக் குறை சொல்வார்கள், நமக்கெதற்கு மனக்கஷ்டம் என்று தள்ளி வைத்துவிடுகிறார். இன்னொருவருக்கு நம்பிக்கை கிடையாது. பின்னட்டையில் அக்ரகாரம், தர்கா, மாதா கோயில் என்று ஏதாவது கண்ணில் பட்டாலே இது எனக்கான புத்தகம் இல்லை என்று வைத்துவிடுகிறார். பெங்களூரில் இது இன்னும் கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழ் படிப்பதில்லை. வேலைக்குப் போன பிறகு ஆசைப்பட்டு, எழுத்துக் கூட்டிப் பழகி, யாரோ சொன்ன நல்ல கதை ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் ஒரு சாமி வந்து நிற்கிறது, அல்லது பெயரே கேள்விப்படாத ஒரு சடங்கு வந்து நிற்கிறது. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். புராணத்தையும் வேதநூலையும் நம்புகிறவர்கள் அதன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். சிறுகதைக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. அது ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதியது, அதை நம்பவோ மறுக்கவோ உங்களை யாரும் கேட்கவில்லை. அதனால் கதையில் வரும் ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த நம்பிக்கை இந்த ஆளை என்ன செய்ய வைக்கிறது, எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்று மட்டும் பாருங்கள். நான் சொல்ல வருவது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் செய்து பார்த்தால்தான் பிடிபடும் விஷயம் என்பதால் கதைகளை வைத்தே சொல்கிறேன்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய சாப விமோசனம். ராமனின் பாதத் தூசி பட்டு அகலிகை கல்லிலிருந்து எழுகிறாள். ராமாயணத்தில் அதோடு அவள் கதை முடிந்துவிடும், இவர் அங்கே தொடங்குகிறார். சாபம் போய்விட்டது, சரி, அடுத்த நாள் காலையில் அவள் எப்படி எழுந்து தண்ணீருக்குப் போவாள், ஊர்ப் பெண்கள் அவளை எப்படிப் பார்ப்பார்கள், சாபம் கொடுத்த கணவன் கோதமனோடு சேர்ந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று போகிறது கதை. வனவாசம் முடிந்து திரும்பிய ராமனும் சீதையும் அவர்களைப் பார்க்க வருகிறார்கள். பெண்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ராமன் தன்னை நெருப்பில் இறங்கச் சொன்னதைச் சீதை சொல்கிறாள். அவர் கேட்டாரா என்று அகலிகையால் நம்ப முடியவில்லை. கேட்டார் என்று தெரிந்ததும் அவள் உள்ளே என்னவோ ஒடிந்துபோகிறது. கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

இதைப் படித்துவிட்டுப் பலர் இது ராமனைத் தாக்கும் கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர் அதற்காக மகிழ்கிறார், நம்பிக்கை உள்ளவர் அதற்காகக் கோபப்படுகிறார், இரண்டு பேருக்குமே கதை கையை விட்டு நழுவிப் போகிறது. அகலிகையின் இடத்திலிருந்து பாருங்கள். அவள் வாழ்க்கையில் அவளைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரே ஆள் ராமன்தான். உலகமே ஒன்று சொன்னாலும் இவன் வேறு மாதிரி என்ற எண்ணத்தில்தான் அவள் மீண்டும் நடமாடவே துணிகிறாள். அந்த ஆளே தன் மனைவியிடம் உலகத்துக்காக நிரூபித்துக் காட்டச் சொன்னான் என்றால், தனக்குக் கிடைத்த மன்னிப்புக்கு என்ன அர்த்தம்? ராமனை ஒரு பொருட்டாக நினைக்காத ஒருத்திக்கு இந்தச் செய்தி வெறும் செய்தி. அகலிகைக்கு அது இடி. அவள் பக்தி எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியது அவள் அதிர்ச்சி. ராமன் மேல் பிரியம் உள்ள வாசகருக்கு இந்தக் கதை மற்றவர்களைவிட ஆழமாக இறங்கும் என்பதுதான் என் எண்ணம்.

நாங்கள் சில பேர் அல்சூர் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடி இந்த மாதிரி கதைகளைப் படித்துப் பேசுவதுண்டு. அதில் ஓர் அக்கா, திங்கட்கிழமை தவறாமல் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர், இந்தக் கதையை நாங்கள் வாசித்து முடித்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் பெரியார் படத்தோடு வளர்ந்த ஒரு தம்பி, "என்னக்கா, ராமரைச் சொன்னதும் கஷ்டமா போச்சா?" என்று கேட்டான். "ராமர் மேல எனக்கு ஒண்ணும் கோபம் வரலப்பா. அந்தப் பொண்ணு மறுபடியும் கல்லாப் போனதுதான் தாங்கல. யாராவது அவகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அதற்கு அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. ராமனைப் பற்றி வாதிடத் தயாராக வந்தவனுக்கு அகலிகையைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குப் பேச்சு அதன் பிறகுதான் சூடு பிடித்தது.

அப்புறம், நமக்கு இல்லாத ஒரு நம்பிக்கையைக் கதை கேட்கும்போது என்ன செய்வது? பெங்களூர்த் தமிழருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் 8 சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், புடவை உடுத்திய மாதாவுக்கு முன்னால் நெற்றியில் விபூதியோடு எத்தனை பேர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று. அவர்கள் யாரும் மதம் மாறிவிடவில்லை. அந்த இடத்தில் நிற்கும் நேரத்துக்கு அந்த இடத்தின் மரியாதையோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். கதைக்குள்ளும் அப்படி நின்றால் போதும். பாத்திரத்துக்கு எது புனிதமோ அது புத்தகம் முடியும் வரை நமக்கும் புனிதம், அவளுக்கு எது பாவமோ அதை அவள் செய்யும்போது நமக்கும் கை நடுங்க வேண்டும். மூடி வைத்த பிறகு உங்கள் கருத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்?

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் நாவல் யு. ஆர். அனந்தமூர்த்தியின் சம்ஸ்காரா. 1965-இல் கன்னடத்தில் வந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. துர்வாசபுரம் என்ற அக்ரகாரத்தில் நாரணப்பா என்பவன் இறந்துபோகிறான். வாழ்ந்த காலம் முழுக்க ஆசாரத்தை மீறியவன், சந்திரி என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தியவன், ஆனால் சாதியிலிருந்து விலக்கப்படாதவன். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது? வைத்தால் தீட்டு, வைக்காவிட்டால் பிணம் கிடக்கும் வரை அக்ரகாரத்தில் யாரும் சாப்பிட முடியாது. இந்த விதியை மட்டும் முதல் சில பக்கங்களில் ஏற்றுக்கொண்டுவிட்டால் நாவல் உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். பசி ஒரு பக்கம், ஊருக்குள் வந்துவிட்ட பிளேக் ஒரு பக்கம், செலவுக்கு என்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்ததும் அதுவரை முடியாது என்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வரும் ஆசை ஒரு பக்கம். நடுவில் பிராணேசாசாரியர். எல்லோரும் மதிக்கும் பண்டிதர். சாஸ்திரத்தில் விடை தேடுகிறார், கிடைக்கவில்லை. மாருதி கோயிலில் நாள் முழுக்க உட்கார்ந்து சாமியிடம் ஓர் உத்தரவு கேட்கிறார், அங்கேயும் வரவில்லை. அந்த இரவில் காட்டில் சந்திரியைச் சந்திக்கிறார், அவருடைய ஒழுக்கக் கணக்கெல்லாம் அங்கே சரிந்துவிடுகிறது.

இந்தக் காலத்து வாசகர் பொறுமையில்லாமல் கேட்பார்: யாராவது எரித்துவிட்டால் தீர்ந்தது, இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? நாவலுக்குள் அதுவே நடக்கிறது, அதைத்தான் நான் ரொம்ப ரசிக்கிறேன். சந்திரி ஒரு முஸ்லிம் வியாபாரியின் உதவியோடு இரவோடு இரவாகப் பிணத்தை எரித்துவிட்டுப் போய்விடுகிறாள். சந்திரிக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அக்ரகாரத்துக்குத் தெரியாது. பிரச்சினை தீர்ந்துபோன பிறகும் ஆசாரியர் அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். எரிக்கப்படாமல் கிடப்பது இப்போது அவருக்குள் இருக்கிறது. சடங்கு மூடத்தனம் என்று முதல் பக்கத்திலேயே முடிவுகட்டியவருக்கு இந்த இடம் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அவர் அந்தச் சடங்கின் பாரத்தை ஒரு நிமிடம்கூடத் தோளில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார். இந்த நாவலைப் பட்டாபிராம ரெட்டி 1970-இல் படமாக எடுத்தபோது தணிக்கை முதலில் தடுத்தது, பிறகு வெளிவந்து தேசிய விருதும் வாங்கியது. ஆனால் படத்துக்கு முன்னால் நாவலைப் படியுங்கள்.

சரி, ஒழுக்கம் பற்றிய கதைகளுக்கு வருவோம். நீதிக்கதை என்றதும் பலருக்குப் பள்ளிப் புத்தகத்தில் கடைசி வரியில் வரும் உபதேசம்தான் ஞாபகத்துக்கு வரும். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்தது, அதை எழுதிய வேதநாயகம் பிள்ளைக்கு வாசகரை நல்வழிப்படுத்தும் நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது. அதில் தவறொன்றும் இல்லை, அந்த வகைக்கு அதன் சுவை உண்டு. ஆனால் பின்னால் வந்த நல்ல கதைகள் வேறொன்றைச் செய்தன. எது சரி என்று சொல்வதற்குப் பதிலாக, இரண்டு சரிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சாதாரண ஆளைக் கொண்டுபோய் நிறுத்தின.

ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் 1966-இல் விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், கத்துகிறாள், அப்புறம் தன்னை அடக்கிக்கொண்டு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, இனி நீ சுத்தம், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அன்றைக்கு இதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது படித்தால் அந்த அம்மா படிப்பில்லாத விதவை என்பதும், சடங்கையெல்லாம் நம்புகிறவள் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவள் மதத்தை எதிர்த்து இதைச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த மதத்திலிருந்தே, தண்ணீர் தலையில் விழுந்தால் தீட்டுப் போகும் என்ற அதே நம்பிக்கையிலிருந்தே மகளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். தலைப்பு சீதையின் நெருப்பைச் சொல்கிறது, கதையில் விழுவதோ தண்ணீர். இதையும் சாப விமோசனத்தையும் ஒரே உட்காரலில் படித்துப் பாருங்கள், ஒன்றில் நெருப்பைக் கேட்டவனால் ஒருத்தி கல்லாகிறாள், மற்றொன்றில் ஒரு தாய் நெருப்பைக் கேட்க மறுத்துவிடுகிறாள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே ஜெயகாந்தன் அதே சம்பவத்தை எடுத்து, அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று ஒரு முழு நாவலே எழுதினார், சில நேரங்களில் சில மனிதர்கள். 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், படித்து வேலைக்குப் போன பிறகும் அவள் அந்த ஒரு மாலையிலிருந்து வெளியே வர முடியவில்லை. ஓர் இரவில் ஒரு தாய் எடுத்த முடிவு மாறினால் ஒரு ஆயுள் எப்படி மாறுகிறது என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் ஜோடி தமிழில் வேறு எனக்குத் தெரியவில்லை. ஒழுக்கம் பற்றிய கதையை ரசிப்பது என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டையும்தான் கையில் கொடுப்பேன். அம்மா செய்தது சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூடவே அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது, அதற்கு யார் விலை கொடுத்திருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்ற அந்த வார்த்தை எனக்கு இன்றும் உறுத்துகிறது. உறுத்தட்டும், அதற்காகக் கதையின் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம், பாத்திரம் பேசுவதை எழுதியவரின் பேச்சாக எடுத்துக்கொள்வது. தஸ்தாயெவ்ஸ்கி ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். 1880-இல் முடித்த கரமாசவ் சகோதரர்கள் நாவலில் கடவுளின் உலகத்துக்கு எதிராக இவான் என்ற பாத்திரம் ஒரு வாதம் வைக்கிறான்: ஒரு பாவமும் அறியாத குழந்தை சித்திரவதைப்பட்டு அழும்போது, பின்னால் வரப்போகும் எந்தச் சொர்க்கமும் அதற்கு ஈடாகாது, அப்படிப்பட்ட சொர்க்கத்துக்கு எனக்குக் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் தருகிறேன் என்று. இதைவிட வலுவாக ஒரு நாத்திகரால்கூட எழுத முடியுமா என்று தோன்றும். துறவுப் பாதையில் இருக்கும் தம்பி அல்யோஷாவிடம் இதற்கு எதிர்வாதம் இல்லை. அண்ணனை முத்தமிடுகிறான், அவ்வளவுதான். அது பதிலா, பதில் இல்லாததா என்று நூறு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தன் நம்பிக்கைக்கு எதிரான தரப்புக்குத் தன்னிடம் உள்ள மிகச் சிறந்த வரிகளைக் கொடுக்கும் தைரியம் ஓர் எழுத்தாளருக்கு இருந்தால் அவரை நம்பிப் படிக்கலாம். எதிர்த்தரப்பு ஆட்கள் எல்லோரும் முட்டாளாகவோ கெட்டவராகவோ இருக்கும் கதை, அது பக்திக் கதையானாலும் பகுத்தறிவுக் கதையானாலும், எனக்கு ருசிப்பதில்லை.

மணிமேகலையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. பௌத்தக் காப்பியம். அதில் மணிமேகலை பல சமயத்தார் சொல்வதைப் போய்க் கேட்கும் பகுதி ஒன்று உண்டு, தருக்கம் நிறைந்தது. முதல் வாசிப்பில் அதைத் தயங்காமல் தாண்டிப் போங்கள். அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரமான அமுதசுரபி வரும் பகுதிகளைப் படியுங்கள், எத்தனை சாப்பிட்டாலும் அடங்காத யானைத்தீ நோயால் வாடும் காயசண்டிகை, பாத்திரத்தில் முதல் பிச்சை இடும் ஆதிரை, சிறைச்சாலை அறக்கோட்டமாக மாறுவது. புத்த மதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே அந்த மதம் பசியை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துவிடும்.

வேறு மதத்தைப் பற்றிய கதை படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988-இல் வந்தது. ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கும் ஊர்ப் பெரிய மனிதரான முதலாளி, மதத்தின் பெயரால் மரியாதை வாங்கும் தங்ஙள் என்ற மதப் பெரியவர், வாய் திறக்க முடியாத ஏழைகள் என்று தன் சமூகத்தின் உள்ளே இருந்தே கேள்வி கேட்கும் நாவல். அதைப் படித்துவிட்டு ஒருவர், பார்த்தீர்களா அவர்கள் இப்படித்தான் என்று சொன்னால் அவர் நாவலைப் படிக்கவில்லை, தன் பழைய எண்ணத்துக்குச் சாட்சி தேடியிருக்கிறார். அந்த முதலாளியைப் போன்றவர் உங்கள் ஊரில், உங்கள் சாதியில், உங்கள் கோயில் கமிட்டியில் யார் என்று யோசித்தால்தான் கதை உங்களிடம் வந்து சேரும். அதில் வரும் குமரிக் கடற்கரைப் பேச்சுக்கும் அரபுச் சொற்களுக்கும் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று தேடினால் களைத்துவிடுவீர்கள். சொல் திரும்பத் திரும்ப வரும்போது தானாகவே புரியும். புரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கலாம், இந்த ஊரில் எந்த அடுக்குமாடியிலும் எல்லா மதத்துக்காரரும் இருக்கிறார்கள், தங்கள் வழக்கத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

சில கதை உங்களுக்கு உண்மையிலேயே வலிக்கலாம். அப்போது மூடி வைத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் பற்றிய வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது, படிக்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று. வலித்த இடம் எது என்று மட்டும் கவனித்து வையுங்கள், சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது வேறு மாதிரி இருக்கலாம்.

எதில் தொடங்குவது என்றால், சிறுகதையில்தான். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சாப விமோசனத்துக்கு அரை மணி நேரம் போதும், ராமாயணம் மேலோட்டமாகத் தெரிந்திருந்தால் போதும். அடுத்து அக்கினிப் பிரவேசம், பிறகு சம்ஸ்காரா. அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் தனியாகப் படிக்காமல், உங்களோடு கருத்து ஒத்துப்போகாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு படியுங்கள். சம்ஸ்காராவின் கடைசிப் பக்கத்தில் ஆசாரியர் வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார், போய் என்ன சொல்வார் என்று அனந்தமூர்த்தி எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார் என்பது என் கட்சி. பக்கத்து வீட்டில் கன்னட வாசகர் யாராவது இருந்தால் அவரிடமும் இதைக் கேளுங்கள், நான் கேட்டவர்கள் எல்லோரிடமும் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது, அதில் எதுவும் என் பதில் இல்லை.